கேமரா வாசலில், மைக் நெஞ்சருகே: ஆவணப்படத்துக்கு ஒலியைத் தனியாகப் பதிவு செய்வது

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளரின் வீடு. கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து அவர் நெய்துகொண்டே பேசினார். சிறுவயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக் கரைக்கு, அதாவது வேறு நிறத்தில் நெய்து சேலையின் உடலோடு கோக்கும் கரைக்கு, ஊடு நூல் நாடா தள்ளிய கதை, முதல் சேலையைத் தனியாக நெய்து முடித்த நாள், பிள்ளைகள் தறிப்பக்கமே வராமல் போனது என்று முக்கால் மணி நேரம். என் ஸ்டில் கேமரா வாசல்படி ஓரம் டிரைபாடில் நின்றது. படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்திருந்தது. இரவு ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் நெஞ்சு அடைத்தது. தறியின் தட்டல் காதருகில் கேட்டது, அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் எல்லாம் மின்விசிறியின் இரைச்சல் மெல்லப் பொங்கி எழுந்தது. வாய் திறந்ததும் சட்டென்று அடங்கியது. அந்த முக்கால் மணி நேரத்தில் படத்தில் சேர்க்க முடிந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை.

அந்தப் பதிவில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், ஆவணப்படம் எடுப்பவர்கள் ஏன் ஒலிக்கென்று தனிக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

முதல் கோளாறு, தூரம். பேசுபவரிடமிருந்து விலக விலகக் குரல் வலு இழக்கிறது. தூரம் இரு மடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகும்; டெசிபல் கணக்கில் சுமார் 6 குறையும். நெஞ்சருகே குத்திய மைக் வாயிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா 160 சென்டிமீட்டரில் இருக்கிறது. 20 நாற்பதாகி, நாற்பது எண்பதாகி, எண்பது நூற்றறுபதாகிறது. மூன்று முறை இரட்டிப்பு, மொத்தம் 18 டெசிபல் இழப்பு. மின்விசிறியின் இரைச்சலோ அறை முழுவதும் பரவிக் கிடப்பது; அது கேமராவருகிலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். ஆக, குரல் மட்டும் சுருங்க, இரைச்சல் அப்படியே நிற்கிறது. பின்னால் எடிட்டிங்கில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் கூடும். விலை உயர்ந்த மைக்கை வாங்கிக் கேமராவின் தலையில் பொருத்தினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கேமராவுக்குப் படம் அழகாகத் தெரியும் இடம் வேண்டும், மைக்குக்கு வாய்க்குப் பக்கத்தில் இடம் வேண்டும். இரண்டும் ஒரே இடமாக அமைவது அபூர்வம். தனி ஒலிப்பதிவு என்பதன் சாரம் இவ்வளவுதான். மீதி எல்லாம் செய்முறை.

இரண்டாவது கோளாறு, கேமராவுக்குள் இருக்கும் தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாடு. யாரும் பேசாதபோது, ஒலி குறைவாக இருக்கிறது என்று கேமரா தானாகவே அளவை ஏற்றிவிடும். அப்போது மின்விசிறி பெரிதாகக் கேட்கும். பேச்சு தொடங்கியதும் அளவைக் கீழே இறக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மூச்சு விடுவதுபோல் கேட்கலாம். ஒருமுறை பதிவாகிவிட்டால் இதைச் சுத்தமாக நீக்குவது மிகக் கடினம்.

ஸ்டில் கேமராக்களில் ஒலி ஏன் இப்படி இரண்டாம்பட்சமானது என்பதற்குச் சிறிய வரலாறு உண்டு. வீடியோ எடுக்கத் தெரிந்த முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் ஸ்டில் கேமரா) 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90. வெளி மைக்கைச் செருக அதில் வழியே கிடையாது. அடுத்த மாதம் கேனன் 5டி மார்க் 2 வந்தது. முழு அளவு சென்சாரும் 1080பி வீடியோவும் கொண்ட அந்தக் கேமராதான் சிறிய முதலீட்டில் ஆவணப்படம் எடுக்க நினைத்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. பின்னணி மங்கி முகம் மட்டும் மிதக்கும் அந்தக் காட்சி அழகு அதற்கு முன் பெரிய செலவில்லாமல் கிடைக்காது. மைக் செருகும் துளை அதில் இருந்தது. ஆனால் ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதி 2010 மார்ச்சில் வந்த மென்பொருள் மேம்படுத்தலில்தான் கிடைத்தது. பதிவாவதைக் கேட்டுப் பார்க்க ஹெட்போன் துளை, 2012இல் வந்த 5டி மார்க் 3 வரை கிடையாது. புகைப்படத்துக்காகச் செய்த பெட்டியில் வீடியோ பின்னால் வந்து சேர்ந்தது, ஒலி அதற்கும் பின்னால். அந்தக் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இரண்டு துளைகளும் இருக்கின்றன. ஆனாலும் தூரத்தின் கணக்கு மாறவில்லை.

படமும் ஒலியும் இரு வேறு கருவிகளில் பதிவாவது புதிய ஏற்பாடும் அல்ல. பிலிம் காலத்துத் திரைப்படங்களில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் உருவாக்கிய நாக்ரா என்னும் கையடக்க டேப் ரெக்கார்டரின் பிந்தைய வடிவங்கள் உலகெங்கும் படப்பிடிப்புத் தளங்களில் தோளில் தொங்கின. போலிஷ் மொழியில் நாக்ரா என்றால் ‘பதிவு செய்யும்’ என்று பொருள். படத்தையும் ஒலியையும் பிற்பாடு சேர்க்கத்தான் ‘கிளாப்’ பலகை. நாம் இன்று செய்வதும் அதே வேலை, கருவி மட்டும் சட்டைப் பையில் அடங்குகிறது.

எதில் பதிவு செய்வது?

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, உடையில் குத்திக்கொள்ளும், கம்பியுள்ள ஒரு சிறிய காலர் மைக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் செல்பேசியும். செல்பேசியை ஏரோபிளேன் மோடில் வைத்து, சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிவு செய்யும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, மைக்கைச் செருகி, பேசுபவரின் சட்டைப் பையில் போட்டுவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்: செருகியின் உலோக முனையில் எத்தனை கருப்பு வளையங்கள் இருக்கின்றன என்று. மூன்று வளையம் உள்ளது செல்பேசிக்கு, இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும். மாற்றிச் செருகினால் செல்பேசி மைக்கை அடையாளம் காணாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். திரையில் அலைகள் ஆடுவதால் நமக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அலை துள்ளினால் சரி.

அடுத்த படி, ஜூம், டாஸ்கம் போன்ற நிறுவனங்களின் கையடக்க ரெக்கார்டர்கள். இவற்றில் ஒலி அளவைக் கையால் வைக்கலாம், ஹெட்போனில் கேட்கலாம். காலர் மைக்கோடு சேர்த்து இடுப்பில் மாட்டும் தீப்பெட்டி அளவு ரெக்கார்டர்களும் கிடைக்கின்றன. நீண்ட குழல் போன்ற ஷாட்கன் மைக்கைக் கம்பில் கட்டித் தலைக்கு மேலிருந்து பிடிக்கும் முறையும் உண்டு. குரல் மிக இயல்பாக வரும். ஆனால் கம்பைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தனியாளாகப் படம் எடுப்பவருக்குக் காலர் மைக்தான் கைகொடுக்கும்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் என்று வைத்துவிடுங்கள். முதல் எண், விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது; இரண்டாவது, ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கமானது என்பது. 44.1 என்பது இசை சிடிக்கான கணக்கு. வீடியோ உலகம் 48இல் இயங்குகிறது. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி பிடிக்கும். இன்றைய மெமரி கார்டுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இடத்தை மிச்சப்படுத்த எம்பி3இல் பதிவு செய்ய வேண்டாம்.

மைக்கை எங்கே குத்துவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாடப் புத்தகங்களில் வரும் படங்களில் எல்லாரும் காலர் வைத்த சட்டை போட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தறிக்கூடத்தில் பெரியவர் வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்திருப்பார். பனியனின் கழுத்து ஓரத்தில் குத்தலாம். தோளில் துண்டு போட்டிருந்தால் அதன் உள்மடிப்பில் குத்தலாம். பெண்களுக்கு மைக்கைப் புடவையின் தோள் மடிப்பில் குத்தும்போது தாலிச் சங்கிலி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். அது மைக்கில் உரசினால் ஒவ்வொரு அசைவுக்கும் ‘கிளிங்’ என்று ஒரு மணி அடிக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் சரசரக்கும். மைக்கை அவர்களிடமே கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று சொல்லி, வீட்டுப் பெண் ஒருவரை உதவச் சொல்வதுதான் மரியாதை. கம்பியை மைக்குக்குக் கீழே ஒரு சிறு வளையமாகச் சுற்றி ஒட்டு நாடாவால் ஒட்டிவிட்டால், கம்பி இழுபடும் சத்தம் மேலே ஏறாது. வெளியில் எடுத்தால் மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு உறை அவசியம். பஞ்சு உறை மூச்சுக் காற்றைத்தான் தடுக்கும், கடற்கரைக் காற்றை அல்ல.

ஒலி அளவை வைக்கும்போது, ரெக்கார்டரின் அளவுகோலில் உச்சி 0 என்பதை மனத்தில் வையுங்கள். அதைத் தொட்டால் ஒலி கிழியும், கிழிந்தது ஒட்டாது. சாதாரணப் பேச்சின் உச்சங்கள் −12 டெசிபல் அருகில் வந்து போனால் நல்லது. “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டு அளவு வைப்பது வழக்கம். ஆனால் இட்லி பற்றிச் சொல்லும் குரலும், கூலி தராமல் இழுத்தடித்தவரைப் பற்றிச் சொல்லும் குரலும் ஒன்றல்ல. மேலே இடம் விட்டே வையுங்கள். 32 பிட் ஃப்ளோட் என்னும் முறையில் பதிவு செய்யும் புதிய ரெக்கார்டர்களில் அளவு தவறினாலும் பின்னால் மீட்கலாம். தூரத்தை மட்டும் எந்தப் பிட்டும் மீட்டுத் தராது.

ஹெட்போன் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள். அதோடு, சில ரெக்கார்டர்களில் பதிவுப் பொத்தானை முதல் முறை அழுத்தினால் கருவி தயார்நிலைக்கு மட்டுமே வரும். சிவப்பு விளக்கு மினுக்கும், அளவுகோல் ஆடும், ஹெட்போனில் குரலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் கார்டில் ஒரு எழுத்துகூட ஏறாது. இரண்டாவது முறை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். ஆகவே விளக்கைப் பார்க்காதீர்கள், நேரக் கணக்கின் விநாடிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

கேமராவும் ரெக்கார்டரும் ஓடுகின்றன. இப்போது சட்டகத்துக்குள் கை தெரியும்படி ஒருமுறை பளிச்சென்று தட்டுங்கள். அதற்கு முன் “நெசவாளர் நேர்காணல், மூன்றாவது பதிவு” என்று வாயால் சொல்லிவிடுங்கள். ரெக்கார்டர் கோப்பில் அந்தக் குரல்தான் பெயர்ச்சீட்டு. எடிட்டிங்கில் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடும் ஒரே ஒரு ஃப்ரேம் (வீடியோவின் ஒற்றை நிலைப்படம்) படத்தில் தெரியும். ஒலியின் அலைவடிவத்தில் அதே தட்டல் ஒரு கூர்முனையாக நிற்கும். ஃப்ரேமையும் முனையையும் நேராக வைத்தால் மீதி எல்லாம் தானாகப் பொருந்தும். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று எடுப்பது நல்லது. டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிவிநாடி. ஒலி இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளிப்போனால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ ஒட்டவில்லை என்று உணர்ந்துவிடுவார்.

கேமராவின் சொந்த ஒலியை எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் வழிகாட்டித் தடமாக உதவும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ, ஃபைனல் கட் புரோ ஆகிய மென்பொருள்கள் கேமரா ஒலியின் அலைவடிவத்தையும் ரெக்கார்டர் ஒலியின் அலைவடிவத்தையும் ஒப்பிட்டுத் தாமே பொருத்திக் கொடுக்கும். பொருத்தியபின் கேமரா ஒலியின் வாயை அடைத்துவிடலாம். ஒரு நுட்பம் மட்டும்: ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் செல்கிறது. கேமரா 14 மீட்டர் தள்ளி நின்றால் தட்டல் அதை வந்தடைய ஒரு ஃப்ரேம் தாமதமாகும். மென்பொருள் அந்தத் தாமதத்தையும் சேர்த்தே பொருத்திவிடும். தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளில் கண்ணால் பார்த்து ஒரு ஃப்ரேம் முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும்.

கைதட்ட முடியாத இடங்கள் ஆவணப்படத்தில் நிறைய வரும். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களுக்கு முன்னால் நின்று கைதட்டுவது பாவம். அங்கே ரெக்கார்டரின் மைக்கைக் கேமராவுக்கு முன் காட்டி விரல் நுனியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் போதும். தொடக்கத்தில் விட்டுப்போனால் முடிவில் தட்டலாம். பலகை வைத்திருந்தால் தலைகீழாகப் பிடிப்பது வழக்கம், அது கடைசியில் தட்டியது என்பதற்கு அடையாளம். எதுவுமே இல்லாமல் போனால் உதடுகளைப் பாருங்கள். ப, ம ஆகிய எழுத்துகள் இரண்டு உதடும் கூடினால்தான் பிறக்கும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. “அப்பா” என்று அவர் சொல்லும் இடத்தைத் தேடுங்கள். உதடு மூடும் ஃப்ரேம்களில் அலைவடிவம் ஒரு கணம் தரைமட்டமாகி, திறக்கும் ஃப்ரேமில் எழும்பும். அந்தக் காஞ்சிபுரத்துப் பெரியவரிடம் இரண்டாம் முறை போனபோது எடுத்த பதிவொன்றில் நான் தட்ட மறந்திருந்தேன். அவர் அடிக்கடி சொன்ன “பாவு” என்ற சொல்லைக் கொண்டேதான் அதைப் பொருத்தினேன்.

நீண்ட நேர்காணல்களில் இன்னொரு தொல்லை தலைகாட்டும். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய ஒலி, நாற்பது ஐம்பது நிமிடம் கழித்து உதட்டைவிட்டு விலகியிருக்கும். ஒவ்வொரு கருவியிலும் நேரத்தை அளக்க ஒரு சிறு படிகம் இருக்கிறது. எந்த இரண்டு படிகமும் துல்லியமாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகும். அதாவது நாலரை ஃப்ரேம். பழைய 5டி மார்க் 2 போன்ற கேமராக்கள் 4 ஜிபி நிறைந்ததும், சுமார் 12 நிமிடத்தில், பதிவை நிறுத்திவிடும். அப்போதெல்லாம் மறுபடி தட்டியே தொடங்கியதால் இந்த விலகல் கண்ணில் படவில்லை. இப்போதைய கேமராக்கள் நீண்ட நேரம் ஓடுகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் தட்டிவைத்தால் எவ்வளவு விலகியது என்று தெரிந்துவிடும். பேச்சில் இயல்பாக வரும் இடைவெளிகளில் ஒலித்தடத்தை வெட்டி ஓரிரு ஃப்ரேம் நகர்த்திக்கொண்டே போனால் சரியாகும். கேமராவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் ரெக்கார்டரை நிறுத்தாமல் விடுவதுதான் என் வழக்கம். கேமரா அணைந்த பிறகு, தேநீர் குடிக்கும்போது, மனிதர்கள் மிக நல்ல வாக்கியங்களைச் சொல்கிறார்கள். மைக் இன்னும் ஓடுகிறது என்று அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அது அவர்கள் உரிமை.

தறி ஓடும்போது பேசவைப்பதா, நிறுத்திவிட்டுப் பேசவைப்பதா? இரண்டும் வேண்டும் என்பேன். கை வேலையில் இருக்கும்போது அந்தப் பெரியவரின் பேச்சில் இருந்த தளர்வு, தறியை நிறுத்தி நாற்காலியில் உட்காரவைத்தபோது காணாமல் போனது. அதனால் இரண்டாம் முறை நெஞ்சருகே மைக் குத்தி, நெய்யும்போதே பேசவிட்டேன். தறியின் தட்டல் பின்னால் போய் நின்றது, குரல் முன்னால் வந்தது. கடைசியில் தறியை நிறுத்தி, எனக்கு மிக முக்கியமான இரண்டு கேள்விகளை மட்டும் அமைதியில் மறுபடி கேட்டேன். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் அணைத்திருந்தோம். புறப்படும்போது குளிர்பதனப் பெட்டியை மறக்காமல் போட்டுவிட ஒரு வழி: வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது.

அதன் பின், கேமராவைத் தொடாமல், ரெக்கார்டரைத் தறிக்கு அருகில் கொண்டுபோய் நாடா ஓடும் ஒலி, மிதி ஏறி இறங்கும் ஒலி, அச்சு வந்து அடிக்கும் ஒலி என ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு நிமிடம் தனித்தனியாக எடுத்தோம். படத்தொகுப்பில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே பாலம் போட இவைதான் உதவின. கடைசியாக, எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, ஒன்றும் நடக்காத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெறும் அமைதி என்று தோன்றும். ஹெட்போனில் கேட்டால் தெருவில் தூரத்து மணி, ஓட்டின் மேல் காகம், யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் எல்லாம் இருக்கும். பேச்சிலிருந்து ஒரு ‘வந்து’, ஒரு இருமலை வெட்டி எடுக்கும் இடத்தில் இந்த அமைதியின் துண்டைத்தான் வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஒலி பள்ளம் விழுந்ததுபோல் செத்துப் போகும். அந்தக் கோப்புக்கு அன்றிரவே ‘கூடம், தறி நின்றபின்’ என்பதுபோல் ஒரு பெயர் வைத்து, கேமரா கார்டோடும் ரெக்கார்டர் கார்டோடும் சேர்த்து இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் எந்தக் கார்டையும் அழிக்க வேண்டாம்.